தங்கப்பாண்டி அண்ணனை நாங்கள் தேடவில்லை

தங்கப்பாண்டி அண்ணன் இறந்த செய்தி உங்களில் பலருக்குப் போனில் வந்திருக்கும். எனக்கு ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து வந்தது. எங்கள் கட்டடத்துக் காவலாளி முருகேசன் தலையை வெளியே நீட்டி, "யக்கா, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாரு, ஓடியாங்க!" என்று கத்தினார். அப்போது நாங்கள் கீழே வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கட்டடத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேரும். அண்ணனைப் புகழ்ந்து எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த டீயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் தேவாரம். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கப்புறமும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் லாட்ஜ், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்று மாடிக் கட்டடங்களாகப் போய், அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தீ விபத்துப் பயிற்சி கொடுத்தார். போடியில் எங்கள் கட்டடம் எட்டு மாடி. கீழே ஏலக்காய்க் கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே லாட்ஜ். நான் நான்காவது மாடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன்.

முதல் பயிற்சியிலேயே எங்கள் லட்சணம் தெரிந்துபோனது. "லிஃப்ட்டு கெடையாது, கரண்டும் கெடையாது. புகைக்குள்ள இருக்கீங்க. கண்ணை மூடிக்கிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டே எறங்குங்க" என்றார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஏலக்காய் மூட்டை தடுக்கி நான் விழுந்தேன். என்மேல் காய் தரம் பிரிக்கிற பேச்சியம்மாள் விழுந்தார். விழுந்த வாக்கிலேயே, "தீயில சாக மாட்டோம்ணே, மூட்டை தடுக்கித்தான் சாவோம்" என்றார். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த கையோடு கடைக்காரர்களிடம் போய்ச் சண்டை போட்டு மூட்டைகளைப் படியிலிருந்து எடுக்க வைத்தார். சீசன் வந்ததும் மூட்டைகள் பழையபடி படிக்கு வந்துவிட்டன. "நெருப்புக்கு ஏதுய்யா சீசன்?" என்று மறுபடியும் போய்க் கத்தினார்.

எல்லோரும் கீழே இறங்கியதும் பெயர் கூப்பிட்டுப் பார்க்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். என் தொண்டை அப்படி. "வந்தவனை எண்ணிட்டுப் பெருமையா நிக்காத ஆத்தா. வராதவன் யாருன்னு கேளு. நெசமான தீயின்னா நீ உள்ள ஓடாத. தீயணைப்பு வண்டியில வந்தவங்ககிட்ட, இன்ன ஆளு உள்ள இருக்காருன்னு சொல்லு. அவங்க பாத்துக்குவாங்க" என்பார். பயிற்சியில் வண்டியில் வந்தவர்களாக நிற்பது முருகேசனும் லாட்ஜ் ஊழியர் ஒருவரும்.

இதைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் அண்ணனே ஏதாவதொரு மாடியில் போய் ஒளிந்துகொள்வார். "மணியடிச்சுக் காட்டிக்குடுத்துரும்" என்று தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். நான் பெயர் கூப்பிடுவேன். அண்ணன் இல்லை என்று தெரியும். தேடி ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். காணாமல் போனது அவர்தானே, வேறு யார்? வெகு நேரம் பார்த்துவிட்டு அவரே வேர்த்து விறுவிறுத்து இறங்கி வருவார். "நான் செத்துட்டேன். காரியத்துக்கு எல்லாரும் வந்துருங்க" என்பார். நாங்கள் சிரிப்போம். பாவி மனுசன், டீயை வாங்கிக்கொண்டு அவரும் சிரிப்பார். அப்புறம் அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவர் கேட்டுக்குள் நுழையும்போதே பேச்சியம்மாள், "என்னண்ணே, இன்னைக்கு எந்த மாடியில?" என்று கேட்பார்.

ஒரு தடவை மட்டும் அவர் சிரிக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கல்யாணம். திரும்பும்போது ஒரே ஜீப்பில் வந்தோம். "கண்ணாமூச்சி ஆடுற வயசாண்ணே உங்களுக்கு?" என்று சீண்டினேன். ஜீப் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். அவர் வேலையில் இருந்தபோது ஒரு மாடிக் கட்டடத்தில் தீ. வாசலில் நின்றவர்களிடம் எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டார்களாம். வந்தாச்சு என்றார்களாம். தீயை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் உள்ளே கூட்டிப் பெருக்குகிற ஒருவர் கிடந்தார். "அவங்க பொய் சொல்லல ஆத்தா. அந்த ஆளு அவங்க யாரு நெனப்புலயும் இல்ல, அவ்வளவுதான்." நான் "பாவம்ணே" என்றேன். அடுத்த வளைவில் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சு அதோடு நின்றது.

அன்றைய பயிற்சிக்கு வருகிறேன். மணி அடித்தது, இறங்கினோம், பெயர் கூப்பிட்டேன். "அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். முருகேசன், "போய்ப் பாக்கவாக்கா?" என்று கேட்டார். இத்தனை பயிற்சியில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட சும்மா நில்லுங்க, அவரே வருவாரு. டீ ஆறிரும்." அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

டீ குடித்தோம். ஏலக்காய் விலை பேசினோம். யாரோ வடை வாங்கி வந்தார்கள். வெயில் ஏறவும்தான், இவ்வளவு நேரம் ஆக்க மாட்டாரே என்று முருகேசன் தானாகப் படியேறினார். லாட்ஜின் துணி வைக்கிற அறையில், போர்வைக் கட்டுகளில் சாய்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணன். நெஞ்சு வலி. கூப்பிட அவர் கையில் போன் இல்லை. அது என் கைப்பையில் இருந்தது.

லிஃப்ட்டைப் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. போர்வையில் வைத்து நான்கு பேர் தூக்கிப் படியில் இறக்கினார்கள். அவர் சொல்லிக்கொடுத்த முறைதான். அதை மட்டும் அன்றைக்குப் பிசகில்லாமல் செய்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்ல?" என்றார்.

அவர் மனைவி பார்வதி அக்கா வந்து என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா யாரு தாயி கூட இருந்தா?" அண்ணனின் போனை நீட்டிக்கொண்டே, "நாங்க எல்லாரும் இருந்தோம்க்கா" என்றேன். "அது போதும்" என்று அழுதார். மறுநாள் கட்டட வாசலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கீழே எங்கள் பெயர்கள் வரிசையாக. என் பெயரும் இருந்தது. அது கிழிந்து விழும்வரைக்கும் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

இந்த நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது, பொய்யை வைத்துக்கொண்டு பேனாவைத் தொட முடியவில்லை. போன வாரம் தேவாரத்துக்குப் போனேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கூட யாரும் இல்லை என்பதை, முருகேசன் கேட்டதை, நான் தடுத்ததை, டீயை, வடையை. அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அப்புறம், "நீ வேணாம்னு சொன்னது அவருக்குத் தெரியாதுல்ல தாயி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்பச் சரி. தேடி வந்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னார். அண்ணனிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். மாடிப்படியில் எங்கள் காலடிச் சத்தம் கேட்கும் என்று நம்பி அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரம். வேறு எதையும் எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு முகமில்லை.