எலெக்ஷனுக்கு ஏங்கிய ராயப்பன்

எலெக்ஷன் எப்ப வரும்னு கட்சிக்காரன் ஏங்கலாம். சுவரில் சின்னம் வரையறவன், மைக்செட்காரன், கொடி தைக்கிறவன், இவங்களும் ஏங்கட்டும், பிழைப்பு. துப்பாக்கிக் கடை மிஸ்திரிக்கு என்னய்யா ஏக்கம்? ஆனால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ரகுநாதன் முதலாளியின் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்த ராயப்பன், எண்பத்தாறு, எண்பத்தேழு வாக்கில் தினம் காலையில் டீக்கடைக்குப் போய், அடுத்தவன் கையிலிருக்கிற பேப்பரை எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, சட்டசபைய கலைப்பாங்களா மாட்டாங்களா?"ன்னு கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டவனெல்லாம் இவன் எம்.எல்.ஏ.வுக்கு நிக்கப் போறான்னு நினைச்சிருப்பான். கர்மம், இவனுக்கு ஆளுங்கட்சி எதுன்னே சரியாத் தெரியாது.

விஷயம் இதுதான். எலெக்ஷன் அறிவிச்சதும் லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க அதை ஒப்படைச்சிடணும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லேன்னா லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுக்கலாம். ரிசல்ட் வந்து ஊர் அடங்கினதும் திரும்ப வாங்கிக்கலாம். ஸ்டேஷனில் கொடுத்தால் கொடுத்த மாதிரியே வரும், மேலே கொஞ்சம் தூசியோடு. ராயப்பனிடம் கொடுத்தால் கதையே வேற. அக்கக்காகக் கழற்றி, துடைச்சு, குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுத்து, மரக்கட்டையை மினுக்கி, காடாத்துணியில் சுற்றி வெச்சிருப்பான். யாரும் கேட்டதில்லை, முதலாளி சொன்னதும் இல்லை. ஒரு தடவை செஞ்சான், அப்புறம் எல்லாரும் அதை எதிர்பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதுவும் எப்படிப்பட்ட எதிர்பார்ப்பு! திருமழிசையில் தசரதன்னு ஒருத்தர். ஊர்த் திருவிழாவில் வருஷத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சுடுவார். மத்த நாளெல்லாம் கடைக்கு வந்து குறை சொல்வார். "இன்னா ராயப்பா, இந்த தபா சத்தமே எடுக்கல?" என்பார். தோட்டா போடுற சத்தத்துக்கு மிஸ்திரி என்ன பண்ணுவான்? ஆனாலும் ராயப்பன் முகம் சுளிக்கமாட்டான். டீ சொல்லி, குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, "நீயே பாரு அண்ணாத்தே, கண்ணாடி மாரி கீது" என்பான். தசரதன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துட்டு, ஏதோ தானே துடைச்ச மாதிரி சந்தோஷமாப் போவார். அதனால்தான் மவுண்ட் ரோட்டில் பெரிய பெரிய கடையெல்லாம் இருந்தும் ஆவடி, திருமழிசைப் பக்கத்து ஆளுங்க இங்கேயே விழுந்து கிடந்தாங்க.

ராயப்பனுக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணு. தன் துப்பாக்கியில் வேற கை படக்கூடாது. தன் துப்பாக்கியாம்! எல்லாம் எவனெவனோ காசு கொடுத்து வாங்கினது. ஆனால் அவன் நினைப்பு அப்படி. ஒவ்வொரு துப்பாக்கியின் ஸ்க்ரூவுக்கும் பொருந்துற மாதிரி திருப்புளி முனையைத் தானே தேய்ச்சு வெச்சிருப்பான். அவன் திறந்தால் ஸ்க்ரூ தலையில் ஒரு கீறல் இருக்காது. கீறல் இருந்தால் வேற எவனோ திறந்திருக்கான்னு அர்த்தம். தசரதன் ஒரு தடவை மவுண்ட் ரோட்டில் பாலிஷ் போட்டுட்டு வந்து கம்முனு நின்னார். இவன் ஸ்க்ரூவைப் பார்த்தான், துப்பாக்கியை மேஜைமேல் வெச்சான், ஒரு வருஷம் அந்த மனுஷனோடு பேசவே இல்லை. கடைசியில் தசரதனே ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சமாதானம் பண்ணினார்.

ரகுநாதன் முதலாளி தலையில் அடிச்சுக்கொண்டார். "அவன் கஸ்டமர்டா! உன் பொண்டாட்டியா? நாலு கடை பார்க்கத்தான் செய்வான். எங்க போனாலும் கடைசியில நம்மகிட்டதான் வருவான், நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறே?"

"அவ்ளோ பார்த்துப் பார்த்து செய்றேனே மொதலாளி. ஒரு விசுவாசம் வாணாமா?" என்பான். பொண்டாட்டின்னு ஒருத்தி வராததால் இந்தப் புத்தி எல்லாம் துப்பாக்கிமேல் போயிடுச்சுன்னு முதலாளி வெளியில் சொல்லிச் சிரிப்பார். ராயப்பனுக்கு அப்போ முப்பத்திநாலு வயசு.

எண்பத்திநாலு டிசம்பர் எலெக்ஷனுக்குத்தான் அருள்செல்வி வந்தாள். ஆவடி பாக்டரியில் ரிடையரான ஜெயபாலின் மகள். பாரிவாக்கத்தில் அவருக்கு ஒரு மாந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு, காவலுக்கு ஒரு ஒத்தைக் குழல் துப்பாக்கி. அப்பாவுக்குக் கால் வராததால் ரிக்‌ஷாவில் உட்கார்த்திவெச்சுட்டு, இவள்தான் துப்பாக்கியை உறையோடு தூக்கிக்கொண்டு படியேறினாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். உள்ளே வந்தவள் ரசீது கேட்கவில்லை, எங்கே வெப்பீங்கன்னு கேட்டாள். "எங்கப்பா இதைக் கட்டில் பக்கத்துல வெச்சுத்தான் தூங்குவாரு. இங்க எங்க இருக்கும்?"

ராயப்பன் அலமாரியைத் திறந்து இடத்தைக் காட்டினான். இதுவரைக்கும் ஒரு கஸ்டமரும் கேட்காத கேள்வி. அந்த ஒரு கேள்வியில் ஆள் காலி.

ரிசல்ட் வந்ததும் வாங்க வந்தாள். காடாத்துணியைப் பிரிச்சதும் அவள் முகத்தைப் பார்க்கணுமே! "கல்யாணத்துக்குப் போற மாதிரில்ல இருக்கு!"ன்னு சிரிச்சாள். முதலாளியை அண்ணேன்னாள், பக்கத்தில் குறை சொல்ல வந்து நின்ன தசரதனையும் அண்ணேன்னாள். ராயப்பனை மட்டும் "மிஸ்திரி"ன்னாள். நம்ம ஆள் அதை எப்படி எடுத்துக்கிட்டான் தெரியுமா? நாம வேலைக்காரன், அதான் அண்ணன் முறை கிடைக்கலைன்னு எடுத்துக்கிட்டான். இவனை என்னன்னு சொல்றது!

மறுவருஷம் ஜெயபால் செத்துப்போனார். துப்பாக்கியைக் கடையில் வெச்சு, லைசென்ஸை மகள் பேருக்கு மாத்தி, அவளே வந்து வாங்கிக்கொண்டு போனாள். எண்பத்தாறு பஞ்சாயத்து எலெக்ஷனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள், எடுத்துக்கிட்டாள். அவ்வளவுதான், அதுக்கப்புறம் கண்ணுக்கெட்டின தூரம்வரை எலெக்ஷனே இல்லை. ராயப்பன் என்ன பண்ணுவான்? பாரிவாக்கம் ஒண்ணும் சீமை இல்லை, சைக்கிளில் போனால் போயிடலாம். ஆனால் போய் என்ன சொல்றது? கஸ்டமர் வீட்டில் மிஸ்திரிக்கு என்ன வேலை? அவங்க சி.எஸ்.ஐ. சர்ச், இவன் ஆர்.சி. சர்ச், இருக்கிற குழப்பத்தில் அது வேற. ஞாயித்துக்கிழமை பூசையில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, கவர்மென்ட்டைக் கவுத்துடும்னு வேண்டிக்கிட்டான். சத்தியமா வேண்டிக்கிட்டான்.

கவர்மென்ட் கவிழலை. ஆனால் எண்பத்தேழு மழைக்காலத்தில், எந்த எலெக்ஷனும் இல்லாமலே, அருள்செல்வி படியேறி வந்தாள். "மிஸ்திரி, இந்தத் தகடு ஆடுது பாருங்க." கட்டையோரத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அரை நிமிஷ வேலை. அதை ராயப்பன் ரெண்டு டீ ஆற அளவுக்கு நீட்டினான். மழை நீண்டால் மாம்பூ தள்ளிப்போறதைப் பத்தி, அம்மாவுக்கு மூட்டுவலியைப் பத்தி அவள் பேசினாள். போகும்போது, "இது மறுபடி லூசாகுமா?"ன்னு கேட்டாள்.

"ஆவவே ஆவாது டீச்சர்! நான் போட்டதாச்சே!"

அடப்பாவி! ஆகும்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

அவன்தான் புரிஞ்சுக்கலை, நமக்கென்ன, சொல்லிடறேன். அந்த ஸ்க்ரூவை லூசாக்கினதே அவள்தான். தையல் மிஷின் பெட்டியில் ஒரு மெல்லிசு திருப்புளி இருக்குமே, அதை வெச்சு, அம்மா தூங்கினதும், தோப்பு வீட்டில் தனியா உட்கார்ந்து திருகியிருக்கா. எலெக்ஷன் வரும் வரும்னு அவளும் எத்தனை நாள்தான் பார்ப்பாள்? ஒரு பொம்பளை துப்பாக்கிக் கடைப் படி ஏற ஒரு காரணம் வேணுமே.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தாள். அதே தகடு. ராயப்பனுக்கு ஒரே அவமானம். தான் போட்ட ஸ்க்ரூவா? டீச்சரை ரெண்டு தடவை அலையவெச்சுட்டோமேன்னு, இந்தத் தடவை பல்லைக் கடிச்சு, உடம்பு பலமெல்லாம் போட்டு இறுக்கினான். இனிமே இவங்க சிரமப்படவே கூடாதுன்னு இறுக்கினான்.

அந்த இறுக்கம்தான் வினையாச்சு. மூணாவது தடவை அவள் திருகினபோது ஸ்க்ரூ நகரலை. மெல்லிசு திருப்புளி வழுக்கி, ஸ்க்ரூ தலையெல்லாம் கீறிவிட்டுத்தான் ஒருவழியாக் கழன்றது. எண்பத்தெட்டு கோடையில், நல்ல நீலப் புடவை கட்டி, பையில் நாலு மாம்பழத்தோடு அருள்செல்வி வந்தாள். ராயப்பன் சிரிச்சுக்கொண்டே துப்பாக்கியை வாங்கினான். ஸ்க்ரூவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு.

"யார்கிட்ட காட்டினீங்க?"

அவள் மாம்பழப் பையைக் கைமாத்திப் பிடிச்சாள்.

"எந்தக் கடை டீச்சர்? மவுண்ட் ரோடா?"

அவள் என்ன சொல்லுவாள், சொல்லுங்க! உன்னைப் பார்க்கத்தான்யா நானே கழட்டினேன்னு, கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்க, பெஞ்சில் ரெண்டு பேர் பேப்பர் படிக்க, சொல்ல முடியுமா? தலையைக் குனிஞ்சு நின்னாள். அது போதுமே நம்ம ஆளுக்கு. குத்தம் செஞ்சவதான் தலை குனிவான்னு முடிவு கட்டிட்டான். ரெண்டு வருஷமா யாருக்காக எலெக்ஷனுக்கு நேர்ந்துக்கிட்டானோ அவளே வேற கடைக்குப் போயிட்டாளேன்னு வயிறு எரிஞ்சுது.

"எங்க குட்த்தீங்களோ அங்கயே போயி காட்டுங்க. வேற ஆள் கை வெச்சத நான் தொட மாட்டேன்." துப்பாக்கியைத் தள்ளி வெச்சான்.

அருள்செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிடுச்சு. துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு, மாம்பழத்தை பெஞ்சுமேல் வெச்சுட்டு இறங்கிப் போயிட்டாள். அந்தப் பழத்தை ராயப்பன் தொடலை. முதலாளிதான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

எண்பத்தொம்பது ஜனவரியில், அவன் வேண்டின எலெக்ஷன் வந்தது. ஊர்த் துப்பாக்கியெல்லாம் வந்து அலமாரி நிறைஞ்சது. பாரிவாக்கத்துத் துப்பாக்கி வரலை. பஸ் நிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ராயப்பன் வாசலுக்கு வந்து நின்னான். இத்தனைக்கும் வரச்சொல்லலை, விரட்டினவனே இவன்தான்! அவள் ஸ்டேஷனில் ஒப்படைச்சுட்டாள்னு தசரதன் எங்கேயோ கேட்டுட்டு வந்து சொன்னார். கோபம் போய் எத்தனையோ நாள் ஆச்சு. மவுண்ட் ரோடு என்ன, லண்டனிலேயே காட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு தடவை வந்தால் போதும்னு இருந்தது. அந்த வருஷமே இன்னொரு எலெக்ஷன், தொண்ணூத்தி ஒண்ணில் ஒண்ணு. கவர்மென்ட்டுக்கு என்ன வந்ததோ, இப்போ சும்மா சும்மா கவுந்தது. ஒவ்வொரு தடவையும் அலமாரியில் அந்த இடத்தை மட்டும் காலியா வெச்சிருந்தான்.

தொண்ணூத்தாறு எலெக்ஷன் முடிஞ்சு, ஆனி மாசம். அருள்செல்வி படியேறி வந்தாள். தலையில் நரை, கழுத்தில் தாலி. ராயப்பன் எழுந்து நின்னான், உட்காரத் தோணலை.

"மிஸ்திரி, நல்லா இருக்கீங்களா? இதை வித்துடலாம்னு வந்தேன். தோப்பை பிளாட் போட்டாச்சு. அம்மாவும் இல்ல. நாங்க ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருக்கோம், அவருக்கு வீட்டுல துப்பாக்கி இருக்கிறது பிடிக்கல." அவர்ங்கிறது மனோகரன், பாக்டரியில் ஃபிட்டர், மனைவி இல்லாமல் ரெண்டு பிள்ளைகளோடு இருந்தவர். கல்யாணமாகி அஞ்சாறு வருஷம்.

ராயப்பன் துப்பாக்கியை வாங்கினான். விலை சொல்லணும்னா திறந்து பார்க்கணும். கீறல் விழுந்த ஸ்க்ரூ அப்படியே இருந்தது, அதுக்கப்புறம் யாருமே தொடலை. எத்தனையோ வருஷமா நெஞ்சில் கிடந்தது வாயில் வந்துடுச்சு.

"இப்பவாச்சும் சொல்லுங்க டீச்சர். எந்தக் கடை அது?"

அருள்செல்வி சிரிச்சாள். இனிமேல் மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு ஒரு சிரிப்பு. "எந்தக் கடையும் இல்ல மிஸ்திரி. நான்தான் கழட்டினேன். தையல் மிஷின் திருப்புளியால. மூணு தடவையும் நான்தான்."

"வேற கடைக்கு போவலியா?"

"போகல."

"ஒரு தபா கூடவா?"

"ஒரு தடவை கூட."

ராயப்பனுக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. சொன்னால் நம்பமாட்டீங்க, முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். என் கஸ்டமர் என்னை விட்டுப் போகலை! குழந்தை மாதிரி பல்லைக் காட்டி நின்னான். அவனைப் பார்த்து அருள்செல்வியின் சிரிப்பு மெல்ல அடங்கிப்போச்சு.

"உங்களுக்கு அது மட்டும் தெரிஞ்சா போதுமா மிஸ்திரி? ஏன் கழட்டினேன்னு கேட்கமாட்டீங்களா?"

அப்போதான் உறைச்சது. ஏன்னு கேட்க வாயெடுத்தான். கேட்கத் தேவையும் இல்லை, எல்லாம் புரிஞ்சுபோச்சு. கையிலிருந்த துணியை மடிச்சான், பிரிச்சான், மறுபடி மடிச்சான். "உக்காருங்க டீச்சர்... டீ சொல்றேன்"ன்னான்.

"இல்ல மிஸ்திரி. அவரு கீழ ஸ்கூட்டர்ல காத்துக்கிட்டிருக்காரு." குனிஞ்சு கையெழுத்துப் போட்டாள். முதலாளி கொடுத்த பணத்தை எண்ணாமல் பைக்குள் வெச்சாள். "வர்றேன்"ன்னு சொல்லிட்டு இறங்கினாள்.

ஸ்கூட்டர் கிளம்பி ஆவடி ரோட்டுப் பக்கம் திரும்புற வரைக்கும் ராயப்பன் வாசலில் நின்னான். அவங்க பேசினது எதுவும் காதில் விழாத ரகுநாதன் முதலாளிக்கு உள்ளே ஒரே குஷி. "பார்த்தியாடா, நான் அப்பவே சொல்லல? கஸ்டமர் எங்க போனாலும் கடைசியில நம்மகிட்டதான் வரணும்."

ராயப்பன் திரும்பிப் பார்க்கலை. அழுகையில் குரல் உடைஞ்சு போயிருந்தது.

"அவுங்க எங்கயும் போவல மொதலாளி. நான்தான் அனுப்பிட்டேன்."