செத்தவீட்டுக்கு ஒரு அழைப்பு

கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள் ஜெயனி. கலியாணம், திருவிழா, மரணம் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லும் நாகலிங்கத்தின் ஓட்டோவுக்கும், அவர் கேட்டதற்காக, அறிவித்தல்களை ஒலிக்கவைக்கும் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் புரோகிராமில் 'அறிவித்தல்' என்று ஒரு தாய் வகுப்பு, அதாவது கிளாஸ். அதற்குத் தொடங்கவும் வாசிக்கவும் முடிக்கவும் தெரியும். கலியாணமும் மரணமும் அதன் பிள்ளைகள். பிள்ளை ஒரு வேலையைத் தன் பாட்டில் செய்தால் தாய் பேசாமல் இருந்துவிடும், அதுதான் ஓவர்றைட். பிள்ளை செய்யாவிட்டால் தாய் செய்துவிடும். ஓட்டோவிலிருந்த பொத்தான்களுக்கு இந்தக் குடும்ப விவகாரம் தெரியாது. அவற்றிடம் இருந்தது வெறும் மெதட் றெஃபரன்ஸ்: உள்ளே இருக்கும் அறிவித்தல் எதுவோ, அதை முடிக்கச் சொல். எப்படி முடியும் என்பது அமத்தும்போதுதான் தெரியவரும்.

அச்சுவேலியில் ஜெயனியின் பெரியப்பா சிவக்கொழுந்து செத்துப்போனார். வேலி எல்லைக்காக அயலில் ஒரு வீடு மிச்சமில்லாமல் வழக்குப் போட்ட மனிசன். பிள்ளைகளும் இல்லை. பெரியம்மா பத்மாசினி அழவும் மறந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தூக்கிறதுக்கு நாலு பேராவது வருவினமோ, பிள்ளை?"

வரமாட்டார்கள் என்று ஜெயனிக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு அழைப்பில்லை, கேள்விப்பட்டுப் போவதுதான் முறை. பகையாளிகளுக்கு அது நல்ல வசதி.

மரண அறிவித்தலோடு நாகலிங்கத்தின் ஓட்டோ வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் வந்தது. துயரமாகத் தொடங்கி, துயரமாக வாசித்தது. அந்த இரண்டையும் ஜெயனி மரணத்துக்கு ஓவர்றைட் செய்திருந்தாள். மூன்றாவதை மறந்துபோனாள். அவர் கடைசிப் பொத்தானை அமத்த, கலியாணத்தை நினைத்து அவள் எழுதிவைத்திருந்த தாய் முடித்துவைத்தது. நாதஸ்வரம் முழங்க, "குடும்ப சமேதராய் வருகை தந்து, விருந்துண்டு மகிழுமாறு அன்புடன் அழைக்கின்றோம்."

"என்ன அண்ணை உது?" என்று ஜெயனி ஓடிவந்தாள்.

"நீ எழுதினதைத்தானே, பிள்ளை, அமத்தினனான்."

வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் பொழுது சாயமுன் ஒழுங்கை நிறைந்துவிட்டது. பெரியப்பாவோடு இன்னும் வழக்கு முடியாத அருட்பிரகாசம் முதல் ஆளாக நின்றார்.

"அழைச்சாப்பிறகு வராமல் விட்டா, பிழை எங்கடை பக்கம் வந்திடும்."

பட்டுச்சேலையில் வந்த அயல்வீட்டுச் சுவர்ணா ஒப்பாரியில் சேர்ந்துகொண்டாள். பாடை தூக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், அழைத்த விருந்தையும் அயலவர்களே சமைத்துக் கொண்டுவந்தார்கள்.

எட்டாம் நாள் செலவுச் சடங்கெல்லாம் முடிந்தபின் ஜெயனி லப்டொப்பைத் திறந்தாள். பெரியம்மா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உதை மாத்தப் போறியோ?"

"ஓம் பெரியம்மா. பிழையெல்லோ."

"இப்ப வேண்டாம், பிள்ளை. நானும் போனாப்பிறகு மாத்து."