சம்யுக்தா சொல்லாத எண்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ரத்தம் எடுக்கும் சம்யுக்தாவின் கைக்கு ஊரில் தனி மவுசு. நரம்பே அகப்படாத கிழவர்கள்கூட அவள் வரும்வரை அடம்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவள் நிம்மதியாகத் தூங்கி நாளாகிவிட்டது.

இதயம் தாறுமாறாக, வேகவேகமாக அடிப்பவர்களுக்கு ஒரு பரிசோதனை உண்டு. இதயம் எவ்வளவு திணறுகிறது என்பதை ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். அளவு ஏறினால் ஆபத்தும் ஏறும். யாருக்கு, எப்போது என்று மட்டும் சொல்லாது. இந்த அரைகுறை ஜோசியம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்த நெசவாளர் ஒருவர், டீக்கடையில் அவளைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மாதம் அவர் வீட்டு வாசலில் சாவுப் பந்தல். தானே கொன்றுவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பு அதற்குப் பிறகு அவளை விடவே இல்லை. காய் வாங்கும்போதுகூடக் கடைக்காரரின் கழுத்து நரம்பு துடிப்பதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அதே பரிசோதனைக்கு ஒருநாள் அவளுடைய அப்பா சுமதிநாதன் கையை நீட்டினார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர், அரிசி வியாபாரி. பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. நெஞ்சு படபடக்கிறது என்று போனவருக்கு, ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வேளை மாத்திரை கொடுத்திருந்தார் டாக்டர்.

எண் வந்தது. அந்த நெசவாளருடையதைவிட அதிகம்.

"எவ்ளோமா இருக்குது?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குதுப்பா. ஒண்ணும் பயமில்ல."

டாக்டரிடம் மட்டும் தனியாகக் காட்டினாள். மாத்திரை தவறக்கூடாது என்றார் அவர். வீட்டில் கேட்டதற்கு, "போட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார் அப்பா. ஆனாலும் மதியத்தில் அவர் கண்ணயர்ந்தால், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஐப்பசியில் ஒரு காலை, கடையிலேயே சரிந்தார். வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எண் பலித்துவிட்டதே என்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

அம்மா ரத்னமாலா மாத்திரைப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலை மாத்திரைகள் தீர்ந்திருந்தன. இரவு மாத்திரைகள் அட்டை அட்டையாக அப்படியே இருந்தன.

"என்னம்மா இது?"

"ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவுன்னு சீட்டுல போட்டிருக்குது. நம்ம வீட்ல ராத்திரி ஏதுமா சாப்பாடு? டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். 'ரத்தம் நல்லா இருக்குதுன்னு பொண்ணே சொல்லிச்சே, வுடு'ன்னுட்டாரு."

சம்யுக்தாவும் அதே வீட்டில் அஸ்தமனத்துக்கு முன்னால் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். வெறும் வயிற்றில் போட்டாலும் தப்பில்லாத மாத்திரை அது, வெளிச்சம் இருக்கும்போதே போட்டிருக்கலாம். பாழாய்ப்போன அந்த எண்ணையே நினைத்து நினைத்து, இது அவளுக்கு உறைக்கவே இல்லை.

அப்பா வீடு திரும்பிய பிறகு மறுபடி ரத்தம் எடுத்தாள். மறுநாள் மாலை, பொழுது இறங்குவதற்குள் முடிவோடும் மாத்திரையோடும் அவர் கட்டிலருகே போனாள். அம்மா தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"எவ்... ளோ?" என்றார், குழறலாக.

எண்ணைச் சொன்னாள்.

"அன்னிக்கு?"

அதையும் சொன்னாள்.

"இன்னிக்குச் சொன்னதாவது... நெசமா?"

"நெசந்தான்பா."

அவர் மெல்லத் தலையைத் திருப்பி, நெசந்தானா என்று கேட்பதுபோல் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.