ஒரு பாட்டுக்கு ஒதுக்கிய இடைவேளை

இதில் நான் உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே தருகிறேன். காரணம், அந்த நாளைப் பற்றி அச்சில் வந்த ஒரே பதிவு பொய். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர், உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் இடைவேளையில் ஊரின் பழைய இசைக்குழு மைதானத்தையே அதிரவைத்தது என்றும், கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆடினர் என்றும் எழுதியது. ஆயிரக்கணக்கானோர் அங்கே இருக்கவில்லை. எழுந்தவர்கள் சிற்றுண்டிக் கடையில் றோல்ஸ் வாங்குவதற்காக எழுந்தார்கள். ஆகவே, செயலாளனாக நான் எழுதிய கூட்டக் குறிப்பேட்டில் இருப்பவை, விழாவின் ஒளிநாடாவில் பதிவாகியிருப்பவை, நான் நேரில் கண்டும் கேட்டும் அறிந்தவை, என் வாயாலேயே சொன்னவை ஆகியவற்றைத் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. கடைசியாகக் குறித்தது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் எல்லாவற்றிலும் அதற்கே சான்று மிகுதி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பொது அறையில் எங்கள் செயற்குழு கூடும். ஒன்பது பேர். ஏழு பேர் பேசுவதற்கு வருவார்கள். எட்டாமவர் தேநீருக்கு வருவார். ஒன்பதாமவனாகிய நான் அவர்கள் பேசியதைத் தமிழாக்கி எழுதுவேன். அந்தப் பனிக்காலக் கூட்டத்தில், எங்களுள் இளையவரான விளையாட்டுச் செயலாளர் புதிய யோசனையோடு வந்திருந்தார். அமெரிக்கர்கள் தங்கள் முறையில் ஆடும் ஃபுட்போலின் பெரிய இறுதிப் போட்டியை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். நானும் சிறிது பார்த்தேன். ஐந்து வினாடி ஆடிவிட்டு ஐந்து நிமிடம் ஆலோசிக்கும் ஆட்டத்துக்குத் தனியாக ஓர் இடைவேளை எதற்கு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த இடைவேளைக்குள் மைதானத்தின் நடுவே மேடை முளைத்தது, வாணங்கள் வெடித்தன, ஒருவர் பாடினார், முளைத்த மேடை மறைந்தது. அதையே நாமும் செய்யவேண்டும் என்றார் விளையாட்டுச் செயலாளர்.

“விளையாட்டைவிட ஹாஃப் டைமைத்தான் சனம் குந்தியிருந்து பாக்குது அண்ணை,” என்றார் தலைவரிடம்.

தலைவர் ஆயுள் காப்புறுதி விற்பவர். மனிதரின் முடிவை முன்கூட்டியே கணிப்பவர். “எங்கடை சனம் ஹாஃப் டைமுக்கு றோல்ஸ் வாங்கப் போயிடும். உந்தக் கூத்தை ஆருக்குக் காட்டப்போறீர்?”

“அதுகளை இருத்தத்தான் ஒரு ஷோ வேணும் எண்டுறன். எங்கடை கோஷ்டி இஞ்சைதானே கிடக்கு. நாலு பேரும் ஸ்காபரோவிலை.”

அவர் சொன்ன கோஷ்டி, எழுபதுகளில் எங்கள் ஊர் இளைஞர் நால்வர் மின்கிற்றாரும் மேளங்களும் கொண்டு தொடங்கியது. கானிவேல்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்தார்கள். வானொலியில் கேட்ட றொக் பாட்டுகளை ஆங்கிலத்தை ஒத்த ஏதோவொரு மொழியில் பாடினார்கள். தாமே இயற்றிய தமிழ்ப் பாட்டுகளையும் அதே மூச்சில் பாடினார்கள். இலக்கணம் படித்துக்கொண்டிருந்த நான் அவர்களுடைய ஒத்திகை வீட்டைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுப்பாதையில் போனவன். பின்னர் அந்தக் கோஷ்டித் தலைவரான கிற்றார்க்காரரின் தங்கையை மணந்தபடியால் சுற்றுப்பாதை பயனற்றுப்போயிற்று. ரொறன்ரோவில் அந்த மச்சான் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அச்சு வார்க்கும் இயந்திரத்தில் நின்றார். ஞாயிறுகளில் நால்வரும் ஒருவரது நிலவறையில் வாசிப்பார்கள். கனடாவுக்கு வந்தபின் பொதுமேடை எதிலும் ஏறியதில்லை.

பொருளாளருக்கு யோசனை பிடிக்கவில்லை. “உவையள் இப்ப கிழடுகள். கிற்றாரைத் தோளிலை கொழுவினா நாரி பிடிச்சு நிமிரமாட்டினம். பிறகு அம்புலன்ஸுக்கு ஆர் அடிக்கிறது?”

“உங்களைவிட ரெண்டு வயசு குறைவு அண்ணை,” என்றார் விளையாட்டுச் செயலாளர்.

“அதாலைதான் சொல்லுறன். எனக்கே ஏலாது.”

“சினிமாப் பாட்டைக் கசற்றிலை போட்டுப் பிள்ளையளை ஆடவிடுவம்,” என்றார் இன்னொருவர்.

“காரிலை கேட்டுக்கொண்டு வந்த பாட்டைக் கிறவுண்டிலையும் கேக்கிறதுக்கோ?”

பழைய றொக் கோஷ்டி ஒன்றால் பெரிய போட்டியின் இடைவேளையைத் தாங்க முடியுமா என்ற இந்த விவாதம் ஒரு மணி நேரத்தை விழுங்கியது. வழுக்கை பேசப்பட்டது. தொந்தி பேசப்பட்டது. ஊரில் ஒரு காலத்தில் மேளக்காரர் அணிந்த இறுக்கமான காற்சட்டை நெடுநேரம் பேசப்பட்டது. அவர்கள் இன்று எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குறிப்பேட்டை மீண்டும் புரட்டிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வி அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மச்சானை அழைத்தார்கள். வேலை முடிந்த கையோடு வந்தார்.

“மூண்டு பாட்டுப் பாடுவியளோ?” என்றார் விளையாட்டுச் செயலாளர்.

“ஒண்டு காணும். நாங்கள் போட்ட பாட்டு. நாலு நிமிசம். ஆனா முழுசா விடோணும். நடுவிலை கிற்றார் தனிய வரும். அது வராட்டில் பாட்டுப் பாடினதிலை பிரியோசனம் இல்லை.”

“அதென்ன அப்பிடி ஒரு கிற்றார்?” என்றார் பொருளாளர்.

“எட்டு வருசமா ஒரே மெசினிலை நிக்கிறன். ஊரிலை கிற்றார் அடிச்சனான் எண்டு சொன்னா வேலைத்தலத்திலை சிரிக்கிறாங்கள். போர்மன் என்ரை விரலைப் பாத்திட்டு, உந்த விரலாலை ஏலாது எண்டு சொல்லிப்போட்டான். அவனோடை சேத்து ஆறு பேரை வரச் சொல்லியிருக்கிறன்.”

தலைவர் சிரித்தார். “இருபது நிமிச ஹாஃப் டைம். நாலு நிமிசம் பெரிய வேலையே? வாசியுங்கோ, வாசியுங்கோ.”

இருபது நிமிடம் என்று தீர்மானித்தோம். தலைவர் உரை, பிரதம விருந்தினர் உரை, கௌரவிப்பு, அறிமுகம், பாட்டு. ஒரு நிமிட அறிமுகம் என் பொறுப்பு.

ஓகஸ்ட் மாதம், ஸ்காபரோவில் மாநகரப் பூங்கா ஒன்று. மேடையாகத் திறந்த லொறி ஒன்றின் தட்டு. அதன் பின்னால் மின்பிறப்பாக்கி. மேற்பார்வையாளரான போர்மன் உட்பட மச்சானின் வேலைத்தோழர் அறுவரும் மடக்குக் கதிரைகளோடு நேரத்துக்கு வந்து, லொறிக்கு எதிரே முதல் வரிசையில் அமர்ந்தார்கள். நேரத்துக்கு வந்தவர்கள் அன்று அவர்களும் நடுவருமே. நடுவர் தமிழரல்லர், எங்களுள் ஒருவர் ஊதினால் தோற்ற அணி அடுத்த ஆண்டு வேறு சங்கம் தொடங்கிவிடும் என்பதால் வெளியே ஒழுங்குசெய்திருந்தோம். இருபது நிமிடம் என்றபோது அவர் புருவத்தை உயர்த்தினார். பூங்காவை ஒப்படைக்கவேண்டிய நேரத்தைக் கேட்டார். பின்னர் தம் கைக்கடிகாரத்தைத் தொட்டுக்காட்டி, இருபது என்றால் இருபதுதான் என்றார். தலைவரிடம் சொன்னேன். “வெள்ளைக்காரன் அப்பிடித்தான் சொல்லுவான்,” என்றார்.

இனி வருவது ஒளிநாடாவின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது. தலைவர் ஒற்றுமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஒற்றுமைக்கு எதிராக மைதானத்தில் எவரும் கருத்துக் கூறியிருக்கவில்லை. றிச்மண்ட் ஹில்லில் வீடு விற்கும் பிரதம விருந்தினர், தமக்கு உதைபந்தாட்டம் தெரியாது என்று தொடங்கி, அதை நான்கு நிமிடம் நிறுவினார். பிறகு கௌரவிப்பு. இன்னும் ஒரு சுரமும் வாசிக்காத நான்கு இசைக்கலைஞருக்கு, வாசித்ததற்காகப் பொன்னாடை. நான்கு ஆடைகளை நான்கு பிரமுகர்கள் போர்த்தினர்; முதற்படத்தில் கண்ணை மூடிவிட்டேன் என்று ஒருவர் இரண்டாம் முறையும் போர்த்தினார். மேளக்காரரின் தோளிலிருந்து வழுகிய ஆடை தாளத்தட்டில் தொங்கியது. மச்சான் தம்முடையதை மடித்து ஒலிபெருக்கியின்மேல் வைத்தார். ஒளிநாடா முழுவதிலும் பொன்னாடையைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர் ஒருவரே. எல்லாமாகப் பதின்மூன்று நிமிடம் போயிற்று. எஞ்சியது ஏழு, பாட்டுக்கு நான்கு, அறிமுகத்துக்கு ஒன்று. இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. அந்தச் செயற்குழுவின் நேர ஒழுங்கைப் பார்க்க அது வியப்பான செல்வம்.

அதன் பிறகு நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

என் கையில் மூன்று பக்கங்கள் இருந்தன. வெறும் இரைச்சலை மேடையேற்றுகிறோம் என்ற பழி சங்கத்துக்கு வரக்கூடாது என்று எண்ணி, யாழேந்திய பாணரில் தொடங்கி, அவர்கள் புரவலர் வாயிலில் காத்திருந்த வறுமையை விரித்து, அங்கிருந்து படிப்படியாக மின்கிற்றாருக்கு வந்துசேர ஒரு பாதை அமைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம் என்று நான் நம்பியதாகச் சொல்வதற்கில்லை. வீட்டில் இரண்டு முறை வாசித்துப் பார்த்திருந்தேன். எனக்கு முன் பேசியவர்கள் பிழையான தமிழில் பதின்மூன்று நிமிடம் எடுத்திருக்க, பிழையற்ற தமிழுக்கு ஐந்து நிமிடம் தகாதா என்று எண்ணினேன். இது அந்தக் கணத்தில் நான் எண்ணியது; சான்று என் நினைவு மட்டுமே.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், “மச்சான், காணும்,” போதும் என்று மச்சான் என்னிடம் சொல்லும் குரல் ஒளிநாடாவில் தெளிவாகக் கேட்கிறது. நான் நிறுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் மூன்றாம் பக்கத்தில்தான் முடிந்தது; நடுவில் விடுவது எனக்கு இயலாத காரியமாயிருந்தது. “காணும், காணும்,” என்ற குரல் மறுபடியும் கேட்கிறது. நான் தலையை ஆட்டிக்கொண்டே வாசிக்கிறேன். கடிகாரத்தின்படி ஐந்து நிமிடமும் இருபது வினாடியும்.

நான் வணக்கம் சொன்னவுடன் ஒளிநாடாவில் காட்சி அறுந்து, அடுத்த காட்சியில் பந்து உருள்கிறது. படப்பிடிப்பாளர், நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ணி அணிகள் இறங்குவதைப் படமெடுக்கப் போய்விட்டார். எங்கள் நிகழ்ச்சிகளில் பேச்சுத்தான் நிகழ்ச்சி என்பது தொழிலனுபவம் அவருக்குத் தந்த பாடம். ஆகவே பாட்டுக்கு என் கண்ணும் காதும் மட்டுமே சாட்சி. தாளத்தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்துச் சுருதி சேர்ப்பதில் ஒரு நிமிடத்துக்கு மேல் போனது; பிறகு மேளம் விழுந்தது. முதலடியை மச்சானே பாடினார். குரலில் கரகரப்பு இருந்தது, சுருதி விலகவில்லை. இரண்டாம் அடிக்குள் நடுவர் விசில் ஊதினார். வீரர்கள் நின்றார்கள், அவர் மறுபடியும் ஊதிக் கடிகாரத்தைக் காட்டினார். பந்து உதைக்கப்பட்டது. பாட்டு நிற்கவில்லை. விசில் விளையாடுபவர்களுக்குக் கேட்கவில்லை என்று நடுவர் கையை விரித்தார். தலைவர் லொறிக்குப் பின்னால் போய் மின்பிறப்பாக்கியை நிறுத்தச் சொன்னார்.

நிறுத்தினார்கள். மின்சாரம் வேண்டாத மேளம் மட்டும் சில தட்டுகள் தொடர்ந்தது. மச்சானின் இடக்கை விரல்கள் கிற்றாரின் கழுத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. தனிக் கிற்றார் வரவேண்டிய இடம் அதுவென்று மேளக்காரர் பின்னர் என்னிடம் உறுதிப்படுத்தினார். சில விநாடிகள் அந்த விரல்கள் ஓடின. லொறியின் அருகில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. கோல் விழப் பார்த்ததில் எழுந்த கூச்சல்தான் கேட்டது.

வேலைத்தோழர்களுள் ஒருவர் என்னிடம் வந்து, இது ஒலிச் சோதனைதானே, பாட்டு எப்போது தொடங்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அவர் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொன்னார். ஆட்டம் முடியும்வரை அவர்கள் எழவில்லை. மரியாதைக்கா, அல்லது என்னை நம்பாததாலா என்று நான் கேட்கவில்லை.

மாலை மச்சானை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

“நல்லாத்தான் எழுதியிருந்தீர்,” என்றார்.

“முன்னுக்குப் பேசின ஆக்கள் நேரத்தைத் திண்டிட்டினம் மச்சான்.”

“அவையள் திண்டும் ஏழு நிமிசம் கிடந்தது. நானும் கடிகாரம் பாத்தனான்.” சற்றுக் கழித்து, “அவங்கள் ஆறு பேருக்கும் நீர் வாசிச்சது ஒரு சொல்லும் விளங்கியிராது. எனக்கு எல்லாம் விளங்கினது. அதாலைதான் கூடக் கோவம்,” என்றார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், பழைய கோஷ்டிகளால் பெரிய போட்டியின் இடைவேளையைத் தாங்க முடியாது என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டபடியால், வரும் ஆண்டு சினிமாப் பாட்டுக்கு நடனம் வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. “நான் அப்பவே சொன்னனான்,” என்றார் பொருளாளர். கேட்காத பாட்டைத் தோற்ற பாட்டென்று தீர்ப்பளித்த அந்த ஒன்பது பேரைப் போன்ற மூடர்களை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. தீர்மானத்தைத் திருத்தமான தமிழில் எழுதிக் கீழே கையொப்பமிட்டவன் நான்.

தெரியாதவற்றையும் சொல்லிவிடவேண்டும். பழைய கோஷ்டி ஒன்றால் ஒரு மைதானத்தின் இடைவேளையைத் தாங்க முடியுமா என்பது எங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை இன்றும் தெரியாது, அது சோதிக்கப்படவில்லை. அந்தத் தனிக் கிற்றார் நன்றாக இருந்ததா என்பதும் தெரியாது. விழாவின் மறுநாள் திங்கட்கிழமை. மச்சான் வழக்கம்போல் வேலைக்குப் போனார் என்று என் மனைவி சொன்னாள். அங்கே போர்மன் அவரிடம் என்ன சொன்னார் என்பதை அவர் எங்கள் எவருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.