அடுத்த பக்கம் காலியாக இருப்பதன் காரணம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த மலரில் அடுத்த பக்கம் காலியாக இருக்கும். அச்சகத்தார் மேல் தவறில்லை. அக்கா வேலை பார்த்த பாலிடெக்னிக் அனுப்பிய இரங்கல் உரைக்காக ஒதுக்கிய பக்கம் அது. அதைப் போடக் கூடாது என்று நிறுத்தியவன் நான். பெரியவர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு காட்டுக்கொட்டாயில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, போர்வெல் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டேன். அக்கா அம்மாவோடு ராகிக் காட்டில் களை எடுத்துக்கொண்டே சிவில் இன்ஜினியரிங் படித்து விரிவுரையாளர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது. இருக்கட்டும்.

கடைசி வருட மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் தர வேண்டும். அந்தக் கல்லூரியில் அதை எழுதியவர்கள் குறைவு. ஜெராக்ஸ் கடையில் பழைய ரிப்போர்ட் ஒன்றில் பெயரை மாற்றி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டு வாங்கி வருவார்கள். மதிப்பிடுகிறவர்கள் கனத்தைப் பார்த்து மார்க் போடுவார்கள். அக்கா மட்டும் ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கும் இடத்துக்கே பஸ் ஏறிவிடுவார். பொய் என்று தெரிந்தால் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதுவார்: "நேரில் போய்ப் பார்த்து எழுதி வரவும்."

ஒருமுறை நான் ஊருக்கு வந்திருந்தபோது, சித்தேரி மலைக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றிய ரிப்போர்ட்டை என் முன்னால் போட்டார். நான்கு பேர் சேர்ந்து கொடுத்தது.

"பூமியத் தொளைக்கறவன்தானே நீ? இதப் படிச்சிப் பாருடா."

கடல்நீர் உள்ளே புகுந்ததால் சித்தேரிக் கிணறுகளில் உப்பு கூடிவிட்டது என்று இருந்தது. ஏதோ கடலோர ஊரின் ரிப்போர்ட். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் மலை பஸ் ஏறினோம். கிணற்றுக்காரரிடம், அளக்க மாணவர்கள் வந்தார்களா என்று அக்கா கேட்டார்.

"அளக்கவா? யாரும் வரலைங்க. போன மாசம் ஆடு வுழுந்துது, அதுக்குத்தான் ஆளுங்க வந்தாங்க."

வாய்மொழித் தேர்வில் அக்கா கேட்டாராம்: "சித்தேரிக்குக் கடல் எந்தப் பக்கம்பா?" சேகர் என்ற மாணவர் மட்டும் வாயைத் திறந்தார்: "கெழக்கால, மேம்." நான்கு பேருக்கும் அக்கா கையெழுத்துப் போடவில்லை. சேகர் தனியாக மலை ஏறி, கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணறுகளை அளந்து, பதினோரு பக்கம் கையால் எழுதி வந்தார். வரிக்கு வரி எழுத்துப்பிழை. அக்கா அதற்கு முழு மார்க் போட்டார்.

மற்ற மூவருக்காக முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார். கூட்டிப்போக வந்த நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

"பைண்டிங்கெல்லாம் நல்லாத்தானே இருக்குது மேடம்? இத யாருங்க படிக்கறாங்க?"

"நான் படிக்கறேன் சார்."

வேறு ஆளை வைத்து மூவரையும் பாஸ் ஆக்கிவிட்டார்கள். அக்காவிடமிருந்து மதிப்பீட்டு வேலையைப் பிடுங்கி, அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்பினார்கள். சித்திரை வெயிலில், சிறுநீரகம் கெட்டுப்போன உடம்போடு வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். உடன் வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட இது நியாயமில்லை என்று சொல்லவில்லை. படுக்கையில் விழுந்தபோது எட்டிப் பார்க்கவும் இல்லை.

அக்காவின் கடைசி நாளைப் பற்றி நான் எழுதவில்லை. அன்று சத்தீஸ்கரில் போர்வெல் ரிக்கில் நின்றிருந்தேன். பார்க்காததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

போன மாதம் இரங்கல் உரை வந்தது. கெட்டித் தாள், தங்க எழுத்து. "இயந்திரவியல் துறையில் அயராது உழைத்த அன்னாரை இழந்து வாடும் மனைவிக்கும் மக்களுக்கும்" என்று போகிறது. முன்பு இறந்த யாருக்கோ எழுதியது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கீழே பதினான்கு பேர் கையெழுத்து. எல்லோரும் மதிப்பிடுகிறவர்கள். அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"பேரு கரெக்டாத்தானே இருக்குதுங்க?" என்றார்கள்.

வாரம் மூன்று நாள் அக்காவை வண்டியில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன சேகருக்கும், அக்காவின் கையைத் தம் கையாக நினைத்து ஊசி போட்ட செவிலியர்களுக்கும், உப்பில்லாத சோறு தனியாக வடித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் சிவப்புப் பேனா மேசையில் இருந்தது. இரங்கல் உரையின் தலையில் அவருடைய அந்த ஒரு வரியை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறு உரை இதுவரை வரவில்லை. பக்கம் காத்திருக்கிறது.