காலி அலமாரியும் கறுப்புப் பெட்டியும்: புனேயில் மூன்று நாள் வீடியோப் பயணம்

சின்ன வியாபாரங்களுக்கு முப்பது வினாடி வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஊர் சுற்றுவது என் வியாதி. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று போன ஜூலையில் புனே கிளம்பினேன். கூப்பிட்டது திலகா. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி, நாங்குநேரிக்காரி. கணவர் செல்வம் விமானப்படையில் சார்ஜென்ட். புனேயின் லோஹேகாவ் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தபடி இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள்.

போனில் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: “ஜோத்பூர்ல பிடிச்ச கஸ்டமரு ஜோத்பூரோட போச்சு. அம்பாலாவுல பிடிச்சது அம்பாலாவோட போச்சு. இங்கயும் எப்ப வேணாலும் போஸ்டிங் வரும். இந்தத் தடவையும் மொதல்ல இருந்துன்னா நான் விட்டுருவேன்டி.”

எந்த ஊருக்குப் போனாலும் கூரியரில் வாங்குகிற ஆட்கள் அவளுக்கு வேண்டும். அவர்களை வீடியோதான் பிடித்துத் தர வேண்டும். எனக்கு அன்றே உட்கார முடியவில்லை.

சென்னையிலிருந்து காலை விமானம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கும்போது, இது பாதுகாப்புத் துறையின் விமான தளம், யாரும் படம் எடுக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். பவ்யமாகப் போனை உள்ளே வைத்தேன். அந்த அறிவிப்பு எனக்காகவே சொல்லப்பட்டது என்று அப்போது தெரியாது. விமான நிலையமே லோஹேகாவில் இருப்பதால் திலகா வீட்டுக்கு ஆட்டோவில் பதினைந்து நிமிடம், நூற்றிருபது ரூபாய். மழையைக் காட்டி ஓட்டுநர் இருநூறு கேட்டார். என் இந்தியைக் கேட்டுப் பாவப்பட்டு அவரே இறங்கி வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனேன். அலமாரிகள் மொத்தமும் காலி. ஒரு டப்பா இல்லை, ஒரு கரண்டி தொங்கவில்லை. இதை எடுத்துப் போட்டால் ஆள் வீட்டைக் காலி செய்கிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து, நகர நடுவில் கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதிக்குப் போனேன். பத்து கிலோமீட்டர், மழை நெரிசலில் ஐம்பது நிமிடம். அங்கே கடைத்தெருவில் பித்தளைத் தூக்கு, பித்தளைக் குடம், அஞ்சறைப் பெட்டி எல்லாம் வாங்கி மூச்சு வாங்க வந்து அலமாரியில் அடுக்கினேன். பாரம்பரியம் பளபளவென்று வந்துவிட்டது. திலகா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“இதையெல்லாம் அடுத்த ஊருக்கு யாரு சொமக்க?”

மறுநாள் காலையில் படப்பிடிப்பு. அவள் ஒரு வரி பேசினால் தலைக்கு மேல் ஒரு போர் விமானம் போகும். மறுபடி சொல்லச் சொன்னால் மறுபடி ஒன்று போகும். காத்திருப்பது என் ஜாதகத்திலேயே இல்லை. விமானம் தொந்தரவு என்றால் அதையே கதையாக்கிவிடலாம் என்று தோன்றியது. அவள் உள்ளே மிளகாய் வறுத்துக்கொண்டிருக்க, நான் பால்கனிக்குப் போய்க் கொடியில் காய்ந்த சீருடை, அதற்குப் பின்னால் மேலே எழும்பும் விமானம், கீழே பொடிப் பாக்கெட் என்று ஒரே ஷாட்டில் எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அதுதான். பெருமை தாங்கவில்லை.

மதியம் சாப்பிட வந்த செல்வத்திடம் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். போனை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். இதைப் போட முடியாது. யூனிபார்மு, பிளேனு, நாங்க இருக்க எடம், எதுவும் வெளிய போகக் கூடாது. அழிச்சிருங்க.”

அழித்தேன். அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. விமானப்படைக்காரர் மனைவி, ஊர் ஊராகப் போகிறவள் என்பதுதானே அவளுடைய கதை? அதைக் காட்டாமல் எதைக் காட்டுவது? குட்டி போட்ட பூனை மாதிரி அந்தச் சின்ன ஹாலில் நடந்தேன். திலகா எனக்கு மேல் சோர்ந்துபோயிருந்தாள். “அவரு எடத்துல யாரு இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவாவ, விடு” என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் வாடிக்கையாகப் பொடி வாங்கும் சுபா, கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐடியில் இருப்பவர், நகரின் தென்பக்கம் கோந்த்வாவில் இருக்கும் தன் சமையலறையைத் தருவதாகச் சொன்னார். அங்கே விமான இரைச்சல் இவ்வளவு இல்லை. மூன்றாம் நாள் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். பதினேழு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். திலகா ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியை வாடகைக் காரில் ஏற்றினாள். ராணுவக் குடும்பங்களில் இருக்குமே, வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதியது, அது. பித்தளைச் சாமான்களை எடுத்துக்கொள்ள நான் மறக்கவில்லை.

முன்பின் பார்த்திராத சமையலறையில் திலகா திணறுவாள் என்று பயந்தேன். அவள் பெட்டியைத் தரையில் வைத்து, எழுத்து இருந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பினாள். திறந்தாள். முதலில் நீல ரெக்சின் விரிப்பு மேடையில் விரிந்தது. அப்புறம் துண்டில் சுற்றிய வாணலி, மிக்சி ஜார், தராசு, மல்லி, உளுந்து, பெருங்காயம். எதற்கும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் அது அவள் சமையலறை. வறுத்து அரைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மேடை பழையபடி காலி.

“எப்பவும் இப்படித்தானா?” என்றேன்.

“போஸ்டிங் ஆர்டர் வந்தா பேக் பண்ண நேரம் இருக்காதுல்ல. அதான் நான் பிரிக்கவே மாட்டேன்.”

அலமாரி ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே கண் முன்னால் இருந்த கதையைப் பித்தளை வைத்து மூடியிருக்கிறேன். மறுபடி ஒரு முறை செய்யச் சொல்லி எடுத்தேன். முகம் இல்லை, ஊர் இல்லை. பெட்டி திறக்கிறது, இரண்டு கைகள், பொடி, பெட்டி மூடுகிறது. பின்னால் அவள் குரலில் ஒரே வரி: “எங்க போனாலும் இதே பொடிதான்.”

இதே மாதிரி புனே போகிறவர்களுக்கு: ஜூலையில் போனால் குடையும், ஆட்டோவுக்கு இரட்டிப்பு நேரமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லோஹேகாவ் பக்கம் கேமராவைத் திறக்கும் முன் அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு: முதல் நாள் எதையும் வாங்காதீர்கள், எதையும் அடுக்காதீர்கள். முடிந்தால் சும்மா உட்காருங்கள். என்னால் இன்னும் முடியவில்லை. பித்தளைக் குடம் சுபா வீட்டில் மணிபிளான்ட் வளர்க்கிறது.

செப்டம்பரில் போஸ்டிங் வந்துவிட்டது. இரண்டு வாரம் திலகாவிடமிருந்து சத்தமே இல்லை. விட்டுவிட்டாள் என்றே நினைத்து மனசு கனத்துப் போயிருந்தேன். பிறகு ஒரு நாள் அவள் கணக்கில் புது வீடியோ, அவளே எடுத்தது. அதே பெட்டி, அதே நீல விரிப்பு, அதே கைகள். பின்னால் சுவர் மட்டும் பச்சையாக இருந்தது. கீழே முதல் ஆளாக சுபா எழுதியிருந்தார்: “வழக்கம்போல ரெண்டு பாக்கெட், கோந்த்வாவுக்கு.”