கழுவிய உப்பு

நடந்தவை:

1. தொண்ணூறுகளின் நடுவில், என் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்குக் கழுத்தின் முன்பக்கம் புடைத்தது. கல்யாணத்துக்குப் போட்ட அட்டிகையின் கொக்கி எட்டவில்லை.
2. அயோடின் குறைவு என்றார் டாக்டர். அயோடின் கலந்த உப்பைச் சேருங்கள், ஆறு மாதத்தில் குறையாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசுவோம் என்றார்.
3. முக்கூடல் கடைத்தெருவில் நானே அயோடின் கலந்த கல்லுப்பைப் பாக்கெட்டாக வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன்.
4. வெள்ளிதோறும் மைனியின் கழுத்தை டேப்பால் அளந்தேன். மூன்று மாதமாக அதே பதிமூன்றே முக்கால் இஞ்ச்.
5. நான் வேலை பார்த்த பாளையங்கோட்டை லேபிலிருந்து உப்புச் சோதனைத் திரவத்தைக் கொண்டுவந்து, வீட்டு உப்பில் ஒரு சொட்டு விட்டேன். அயோடின் இருந்தால் நீலமாக வேண்டும். உப்பு வெள்ளையாகவே இருந்தது.

திரவக் குப்பியோடு நேராகக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இது வெறும் உப்பு. அயோடினே இல்ல."

"நீயே ஒரு பாக்கெட்ட உடைச்சு ஊத்திப் பாரு தாயி. நெறம் மாறலன்னா கடையப் பூட்டுதேன்" என்றார் கடைக்காரர்.

சொட்டு விழுந்ததும் உப்பு நாவல்பழ நிறமானது. அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "பாத்துக்கிடும் வே! படிச்ச புள்ள வந்து நம்ம கடைக்குச் சான்று குடுத்துட்டு!" என்றார்.

தலையைத் தொங்கப்போட்டு வீடு திரும்பினேன். மொட்டைமாடியில் அம்மா வேட்டித்துணி விரித்து ஈர உப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுத?"

"உப்பக் கழுவிக் காயப்போடுதேன். கல்லுப்பக் கழுவாம யாராது கொழம்புல போடுவாவளாட்டி? மண்ணுல்லா கெடக்கும்!"

மூட்டை உப்பைக் கழுவிய பழக்கத்தில் பாக்கெட் உப்பையும் மூன்று தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டியிருக்கிறாள். உப்பின் மேல் ஒட்டியிருக்கும் அயோடின் முதல் தண்ணீரிலேயே போயிருக்கும். லேபில் எல்லாவற்றையும் படிப்படியாகச் செய்கிற நான், எங்கள் அடுக்களையில் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மைனி சிரித்தேவிட்டாள். "அப்போ மூணு மாசமா என் மருந்த அங்கணத்துல ஊத்தியிருக்கிய அத்தே! இனி அங்கணத்துக்குக் கழுத்தே வீங்காது!"

"போட்டி! முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அன்றிலிருந்து உப்பு கழுவப்படாமல் மூடியுள்ள ஜாடிக்குப் போனது. கொதியில் அயோடின் போய்விடாதிருக்க, குழம்பை இறக்கிய பிறகே சேர்ந்தது. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, இன்னும் ஆறு மாதம் கேட்டு வாங்கினேன்.

அந்த ஆறு மாதமும் முடிந்தது. கழுத்து பதிமூன்று இஞ்ச். ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். புடைப்பு முழுதாகப் போகவில்லை. அட்டிகை கடைசி வளையத்தில் மாட்டியது.